பிரேக்குக்கு ஏற்ற வைண்டர்

உலகம் தோன்றிய நாளிலிருந்து ஒரு நொடிகூட நிற்காதவை மூன்று: சூரியன், கடல் அலை, பிரேக்கின் கைக்கடிகாரம். அதிலும் மேகம் மூடினால் சூரியனுக்கு லீவு. அலைக்கும் அவ்வப்போது சோம்பல் வரும். பிரேக்கின் மணிக்கட்டை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பூமியே அடுத்த சுற்றுக்குக் கிளம்புகிறது என்பதை அவருடைய லிப்ட் கம்பெனியில் படித்தவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

படிக்காதவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களில் முக்கியமானவள் வாலு.

வாலு, பிரேக்கின் தம்பி மகள். பதினாறு வயது. கணக்குப் பரீட்சையில் கவிழ்ந்து, மறுதேர்வு வரும்வரை வீட்டோடு கிடந்தாள். அவளுடைய பெரியப்பா தொடை எலும்பு உடைந்து, அது கூடும்வரை அதே வீட்டோடு கிடந்தார். ஒரே ஹாலில் இரண்டு உதவாக்கரைகள். அவளுக்கு நாற்காலி, அவருக்கு சோபா. சீனியாரிட்டி.

பிரேக் முப்பது வருஷமாக லிப்ட் மெக்கானிக். எந்த லிப்டைத் தொட்டாலும் முதலில் பிரேக்கைத்தான் சோதிப்பார் என்பதால் அந்தப் பெயர் என்று அவர் சொல்லுவார். யார் எதைப் பேச ஆரம்பித்தாலும் பாதியிலேயே நிறுத்திவிடுவார் என்பதால் அந்தப் பெயர் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லுவார்கள். அவருக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படி நிறுத்தினார். அதனால் இன்றுவரை தனி ஆள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தம்பி வீட்டு சோபாவுக்கு வந்து சேர்ந்த காரணமும் அதுவே.

வந்த முதல் நாளே வாலுவின் அம்மாவுடைய தையல் மெஷின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மோட்டாரில் பேரிங் போய்விட்டது, நாலு நாள்தான் தாங்கும் என்றார். நாலாம் நாள் மோட்டார் போயிற்று. அம்மா அதை அவருடைய தொழிலறிவாக எடுத்துக்கொள்ளவில்லை, வைத்த சூனியமாக எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு வாலு வழியாகப் பேசினார்கள்.

"உங்க பெரியப்பாகிட்ட சொல்லு, கால் உடைஞ்சா வாயும் கொஞ்சம் சேர்ந்து படுக்கணும்னு."

"உங்கம்மாகிட்ட சொல்லு, காது உடையலன்னு."

வாலு தபால்காரி. தபாலைக் கொண்டு சேர்க்குமுன் தன் பங்குக்கு ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளும் தூவுவாள். வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அது.

அந்த வீட்டில் சிரிப்புக்கு இடமில்லாத விஷயம் ஒன்றே ஒன்று. டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: ஆறு வாரத்துக்குள் இவர் நன்றாக நடந்து காட்டவேண்டும். இல்லையென்றால் முழங்கால் இறுகிப்போகும், அதற்கப்புறம் ஏணி ஏறும் வேலையை மறந்துவிடலாம். கம்பெனியும் அந்த ஆறாவது வாரச் சான்றிதழுக்குத்தான் காத்திருந்தது. ஏணி ஏறாதவரை வைத்துக்கொண்டு லிப்ட் கம்பெனி என்ன செய்யும்? பிரேக்கிடமிருந்து அந்த வேலையைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன வரும் என்பது, கணக்கில் கவிழ்ந்த வாலுவுக்கே தெரிந்த கணக்கு.

ஆனால் அவர் நடக்கவில்லை. பயிற்சி சொல்லித்தர வந்த பிசியோவை இரண்டே நாளில் விரட்டினார். கேட்டால், ஓய்வெடுக்கிறேன் என்றார். கல்லுளிமங்கன் போன வழி காடுமேடெல்லாம் தவிடுபொடி என்பார்கள். இந்தக் கல்லுளிமங்கன் போகவே இல்லை. சோபாவில்தான் முளைத்துக்கொண்டிருந்தார்.

அப்படி இருந்தபோதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை பத்து இருபதுக்குக் கடிகாரம் நின்றது.

அது ஆட்டோமேட்டிக் கடிகாரம். பேட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்கவும் வேண்டாம். உள்ளே அரைவட்டமாக ஒரு எடை தொங்கும். கை அசைய அசைய அந்த எடை சுற்றும், அது சுற்றச் சுற்ற ஸ்பிரிங் முறுகும். வாங்கிய நாளிலிருந்து பத்தொன்பது வருஷம், ஸ்பேனரும் கையுமாகத் திரிந்தவர் மணிக்கட்டில் அது நிற்க வழியே இல்லாமல் ஓடியது. இப்போது கட்டியிருக்கும் கை அசையவில்லை. கடிகாரம் என்ன செய்யும், பாவம்.

பிரேக் அப்படி நினைக்கவில்லை. அம்மாவின் குக்கர் ஆவி உள்ளே போய்விட்டது என்றார். தையல் நூல் பிசிறு போயிருக்கும் என்றார். அச்சகத்தில் ஷிப்ட் முடித்து வந்த தம்பியிடம் கொடுத்து ரிப்பேர்காரரிடம் அனுப்பினார். வாலுவின் அப்பா சூதுவாது தெரியாத மனுஷன். போய் வந்து, ரிப்பேர்காரர் சொன்னதை ஒரு எழுத்துக்கூட விடாமல் ஒப்பித்தார்.

"கடிகாரத்துல ஒரு கோளாறும் இல்லையாம்ணே. உசுரோட நடமாடற ஆள் யாராவது கட்டிக்கிட்டா ஓடுமாம்."

 அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, டாக்டர் சொன்னதைத்தானே ரிப்பேர்காரரும் சொல்றார் என்று சுவரிடம் சொன்னாள். பிரேக் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் தீர்ப்பு வந்தது: நான் நடக்க வேண்டியதில்லை. வைண்டர் வாங்கு.

வைண்டர் என்பது ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு மெத்தை உருளை. கடிகாரத்தை அதில் மாட்டினால் மோட்டார் மெல்ல மெல்லச் சுற்றி, கை செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிடும். பணக்காரர்கள் நாலைந்து கடிகாரம் வைத்துக்கொண்டு, கட்டாத நாளில் இதில் போட்டு வைப்பார்கள். ஒரே ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கையும் இருக்கும்போது, கைக்குப் பதிலாகப் பெட்டி வாங்கியவர் உலகத்திலேயே பிரேக் ஒருத்தர்தான்.

அப்பா நல்ல மனசோடு ஒன்றை வாங்கி வந்தார். கண்ணாடி மூடி, கறுப்பு மெருகு, முகம் பார்க்கலாம் போல. பிரேக் கடிகாரத்தை மாட்டவே இல்லை. வெறும் பெட்டியை ஓடவிட்டு, காதருகே வைத்து, கண்ணை மூடினார்.

"மூஞ்சிக்குப் பவுடர் போட்டிருக்கான், பல்லு விளக்கல" என்றார். உள்ளே பல்சக்கரம் பிளாஸ்டிக்காம், இரண்டு மாதத்தில் தேயுமாம். தம்பியை ஒரு பார்வை பார்த்தார். எலும்பு உடையாத தம்பி அந்தப் பார்வையில் நொறுங்கினார்.

பிறகு சட்டம் எழுதப்பட்டது. நல்ல வைண்டர் என்றால் மோட்டார் சத்தம் மூச்சுவிடுகிற அளவுக்குமேல் போகக்கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்று நாம் வைக்க முடியவேண்டும். சும்மா ஓயாமல் சுற்றக்கூடாது, கொஞ்சம் சுற்றிக் கொஞ்சம் நிற்கவேண்டும். மோட்டாரின் காந்தம் கடிகாரத்தைத் தாக்காதபடி நடுவில் தகடு இருக்கவேண்டும். மெத்தை, கடிகார வாரை இழுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, சுற்றும் திசையை மாற்ற ஒரு பொத்தான் வேண்டும். ஏனென்றால் பிரேக்கின் கடிகாரம் ஒருபக்க விசுவாசி. வலப்பக்கம் சுற்றினால்தான் ஸ்பிரிங் ஏறும். இடப்பக்கம் ஆயிரம் சுற்று சுற்றினாலும் செக்குமாடு மாதிரி, நடந்த களைப்புதான் மிச்சம்.

வாலு போனில் கடிகாரக் கடைக்காரரைப் பிடித்து இதையெல்லாம் வாசித்தாள். அவர் எட்டு நிமிஷம் கேட்டார். அப்புறம், இவ்வளவு தெரிஞ்சவரு தன் காதைத் தூக்கிக்கிட்டு இங்கேயே வந்து கேட்டுக்கட்டும் என்று வைத்துவிட்டார். வாலு இதில் மிளகாய்த்தூள் சேர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

கோபத்தில் மனிதர் எழுந்தே விட்டார்.

வீடு மூன்றாவது மாடி. லிப்ட் உண்டு. வாலு பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது. பிரேக் உள்ளே ஒட்டியிருந்த பராமரிப்பு அட்டையைப் பார்த்து, கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு, இவன் பார்த்த லிப்ட்ல நான் ஏறமாட்டேன் என்றார். வழக்கமான திமிர் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் அவர் கண் அட்டையில் இல்லை. தரைக்கும் லிப்டுக்கும் நடுவே, இரண்டு விரல் அகலத்தில் தெரிந்த இருட்டில் இருந்தது. அந்த மாதிரி ஒரு இருட்டின் அடியில்தான், லிப்ட் குழியில் விழுந்து, அவர் மூன்று மணி நேரம் உடைந்த காலோடு கிடந்தார். கேலி நாக்கு நுனி வரை வந்தது. வாலு அதை விழுங்கிவிட்டு, படி இந்தப் பக்கம் என்றாள்.

ஐம்பத்து நாலு படி. ஊன்றுகோல், கைப்பிடி, ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு. நாற்பது நிமிஷம். அப்புறம் தெருவில் இரண்டு திருப்பம்.

கடையில் சுவர் முழுக்கக் கடிகாரங்கள். எல்லாம் வெவ்வேறு நேரம் காட்டின. பிரேக் அதைச் சொல்லிக்காட்டித்தான் வணக்கமே வைத்தார். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, நேரம் பார்க்க வந்தீங்களா, பெட்டி பார்க்க வந்தீங்களா சார் என்றார். ஒன்பது வைண்டர் வரிசையாக வந்தது. பிரேக் ஒன்பதையும் வெறும் வயிற்றில் ஓடவிட்டுக் கேட்டார். ஒன்று சளி பிடித்தது, ஒன்று நொண்டுவது, ஒன்று விளக்கெல்லாம் எரியும் கல்யாண வண்டி. ஏழாவதைத் தேர்ந்தெடுத்தார். பார்க்கச் சவப்பெட்டிபோல இருந்தது. ஓடுகிறதா என்றே தெரியவில்லை. அதுதான் நல்லது என்றார்.

வீட்டுக்கு வந்து வலப்பக்கம் என்று பொத்தானை வைத்து, கடிகாரத்தை மாட்டி, சோபாவில் சாய்ந்தார். கடிகாரம் ஓடியது. மறுநாளும் ஓடியது. பிரேக் அசையவில்லை. தண்ணீர் டம்ளரைக்கூட வாலுதான் எடுத்துக் கொடுக்கவேண்டியிருந்தது.

அப்போதுதான் வாலுவுக்கு விஷயம் உறைத்தது. பெட்டி நடக்கிறது, இவர் படுத்திருக்கிறார்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் பெட்டியைத் திருப்பினாள். அடியில் சின்னப் பொத்தான். வலத்திலிருந்து இடத்துக்குத் தள்ளினாள். பெட்டி முன்போலவே சுற்றியது. பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இதுவரை அவள் செய்த குறும்புகளில் சத்தமே வராத குறும்பு இது ஒன்றுதான்.

இரண்டாம் நாள் கடிகாரம் நின்றது. பிரேக்கின் வாயிலிருந்து வந்ததில் பாதியை எழுத முடியாது. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவாயிற்று. வாலு பொத்தானை ரகசியமாக வலத்துக்கே தள்ளிவிட்டு, பெட்டியை நல்ல பிள்ளையாகக் கையில் எடுத்துக்கொண்டாள். கடிகாரத்தை அவர் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். ஐம்பத்து நாலு படி. முப்பத்தொரு நிமிஷம்.

கடைக்காரர் பெட்டியை ஓடவிட்டார். அழகாக ஓடியது. வாய்ச்சண்டை அரை மணி நேரம் நடந்தது. கடைசியில் தொல்லை தாங்காமல் வேறு கம்பெனிப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். அதற்கும் அடியில் பொத்தான் இருந்தது. வாலுவுக்கும் விரல் இருந்தது.

மூன்றாவது முறை இறங்கியபோது இருபத்திரண்டு நிமிஷம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஊன்றுகோலை அக்குளில் செருகிக்கொண்டு, கையை வீசி வீசிக் கடைக்காரரை என்னென்ன கேட்கப்போகிறார் என்று ஒத்திகை பார்த்தார். வாலு பின்னால் வந்தாள்.  

கடையில் பிரேக் கையை நீட்டி, நின்னுபோச்சு பாருய்யா என்றார். கடைக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஓடுதே."

ஓடிக்கொண்டிருந்தது. நேரம்தான் தப்பு. இவ்வளவு தூரம் கையை வீசிக்கொண்டு வந்ததில் அது தானாக உயிர் பிடித்திருந்தது. பிரேக் மணிக்கட்டைத் திருப்பிக் காதில் வைத்துக் கேட்டார். 

கடைக்காரர் விடவில்லை. கடையில் இருந்த நாலு வாடிக்கையாளர்களும் கேட்கும்படி, நிதானமாக, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பேசினார். "உங்களுக்குக் கோளாறு பெட்டியில இல்ல சார். வேலைக்குப் போக வக்கில்ல, வீட்ல மதிக்க ஆளில்ல. பொழுது போகாம என் கடைக்குச் சண்டை போட வர்றீங்க. இந்தாங்க, ஷோகேஸ்ல இருந்த பெட்டி. இதோட இந்தப் பக்கம் வராதீங்க."

பிரேக் ஊன்றுகோலை இறுகப் பிடித்தார். அடித்துவிடுவார் என்று வாலு பயந்தாள். அவர் அடிக்கவில்லை, அவளுக்கு அது அடித்ததைவிட மோசமாக இருந்தது. வாலு முன்னால் போய், எங்க பெரியப்பா ஏறின உயரத்துல நின்னா உங்க கடை கடுகு மாதிரி தெரியும், மரியாதையா பேசுங்க என்றாள்.  பெரியப்பா பெட்டியை வாங்கி அவள் கையில் திணித்து, வா என்று மட்டும் சொன்னார். திரும்பி ஏறும்போது ஐம்பத்து நாலு படியிலும் ஒரு வசவு இல்லை.

வீட்டில் வாலு நடந்ததை அம்மாவிடம் சொன்னாள். அம்மா பதில் தபால் கொடுக்காமல் அவளைத் தள்ளிக்கொண்டு நேரே சோபாவின் முன்னால் போய் நின்றாள். "அந்தாளு அப்படிச் சொன்னான், நீங்க கேட்டுட்டு வந்தீங்களா? என்கிட்ட மட்டும் அவ்வளவு பேசத் தெரியுதுல்ல?" தபால்காரிக்கு அன்றோடு வேலை போயிற்று. இனி இரண்டு பேரும் நேரடியாகவே கடித்துக்கொள்ளலாம்.

வாலுவுக்கு அன்று மனசு சரியில்லை. தன் விரல் செய்த வேலைக்கு அவர் நாலு பேர் நடுவில் தலைகுனிந்தார். ஷோகேஸ் பெட்டியில் கடிகாரத்தை மாட்டி அவர் வலப்பக்கம் சுற்ற வைத்ததோடு சரி, அவள் கிட்டவே போகவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அவர் படுக்கவில்லை. மறுநாள் காலையில் தானே படி இறங்கி, தெரு முனை வரை போய் வந்தார். அதற்கு மறுநாளும். எங்கே போனீங்க என்று அம்மா கேட்டதற்கு, ஊர்ல எத்தனை பேருக்கு வக்கில்லன்னு எண்ணிட்டு வந்தேன் என்றார்.

ஆறாவது வாரம் டாக்டர் முழங்காலை மடக்கினார், நீட்டினார், நடக்கச் சொன்னார், வாசல் படியில் ஏறி இறங்கச் சொன்னார். ஒரு மாதம் தரைமட்ட வேலை, அப்புறம் ஏணி என்று எழுதிக் கொடுத்தார். நல்ல பிசியோ போலிருக்கே என்று கேட்டார். பிரேக் முகத்தை அஷ்டகோணலாக வைத்துக்கொண்டு, சான்றிதழை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வாலு ஆஸ்பத்திரிக் குழாயில் முகம் கழுவிக்கொண்டாள். தூசி விழுந்துவிட்டது என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், வாலு கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேக் சோபாவில் பேப்பரால் முகத்தை மூடியிருந்தார். அவள் தற்செயலாகப் பெட்டிப்பக்கம் திரும்பினாள். உருளை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. கடிகாரத்தின் நொடிமுள் அசையவில்லை.

நின்றிருந்தது. ஆனால் அவள் தொடவே இல்லையே.

சத்தமில்லாமல் எழுந்து போனாள். பெட்டியைத் தூக்கினாள். கவிழ்த்தாள். பொத்தான் இடப்பக்கம் தள்ளியிருந்தது.

"நான்தான் தள்ளி வச்சேன்" என்றது பேப்பர்.

வாலு பெட்டியோடு அப்படியே நின்றாள். பேப்பர் கீழே இறங்கவில்லை. குரல் மட்டும், லிப்ட் பழுது பார்க்கும் ஆள் சின்னப் பையனிடம் திருப்புளி கேட்கிற குரலில், அவசரமில்லாமல் வந்தது. ரெண்டு பெட்டி, ரெண்டு கம்பெனி, ஒரே வியாதி. மெஷின் மாறியும் பழுது மாறவில்லை என்றால் பழுது மெஷினில் இல்லை, மாறாமல் கூடவே இருக்கிற எதிலோ இருக்கிறது. அப்படி எதெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாராம். கடிகாரம், கரண்டு, அம்மா, வாலு.

"அம்மாவா இருக்கலாம்ல" என்றாள் வாலு. கடைசி முயற்சி.

"உங்கம்மா நேத்தே பார்த்தா. நின்னிருக்குன்னு என்கிட்ட சொல்லிட்டு, கடிகாரத்தத் தட்டிப் பார்த்தா. உங்கப்பன் காலைல பார்த்தான், பிளக்கப் புடுங்கிச் சொருகினான்." பேப்பர் மெதுவாக இறங்கியது. பிரேக்கின் கண் சிரிக்கவில்லை. "நின்ன கடிகாரத்தப் பார்த்ததும் நேரா பெட்டியக் கவுத்து அடியப் பார்த்தது இந்த வீட்ல ஒருத்திதான். செருப்பப் போடு. கடைக்காரன்கிட்ட நீயே சொல்லு."